இடவிளக்க உடற்கூற்றியல்

இடவிளக்க உடற்கூற்றியல் என்பது மனித உடலைத் தலை, கழுத்து, மார்பு, வயிறு எனப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் தோல் முதல் எலும்பு வரை எந்த உறுப்பு எதற்கு மேல், எதற்குக் கீழ், எதற்கு அருகில் அமைந்துள்ளது என்பதை ஆராயும் உடற்கூற்றியல் பிரிவாகும். உள்ளுறுப்புக்களின் இருப்பிடத்தை வெளித்தோலின் மீது குறித்துக் காட்டும் மேற்பரப்பு உடற்கூற்றியல் இதன் ஒரு பகுதியாகும். உயரம், எடை, சுற்றளவு போன்றவற்றை அளந்தறியும் மனித உடலளவியல் தனித் துறையாக வளர்ந்தது எனினும், மருத்துவப் பயிற்சியில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன. உடலில் ஓர் இடத்தைச் சரியாகக் கண்டறிய அளவு வேண்டும். சரியாக அளக்க வேண்டுமெனில் எங்கிருந்து எங்கு வரை அளப்பது என்பதற்கு உடற்கூற்று அடையாளம் வேண்டும்.

முறைமை உடற்கூற்றியலில் இருந்து வேறுபாடு

முறைமை உடற்கூற்றியல் உடலை எலும்புத் தொகுதி, தசைத் தொகுதி, நரம்புத் தொகுதி எனப் பிரித்துக் கற்பிக்கின்றது. தொடை நரம்பு ஓர் அத்தியாயத்திலும், தொடைத் தமனி வேறோர் அத்தியாயத்திலும் இடம்பெறும். ஆனால் கவட்டியில் ஊசி செலுத்தும் மருத்துவரின் விரலுக்குக் கீழே அவை அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கு வெளிப்புறமிருந்து உட்புறமாக நரம்பு, தமனி, சிரை என்பது வரிசை. இடுப்பெலும்பின் முன்மேல் முள்ளுக்கும், நடுவில் உள்ள பூப்பெலும்புப் பொருத்துக்கும் சரிபாதியில் தொட்டால் தமனியின் துடிப்புத் தெரியும். துடிப்புக்கு உட்புறம் சிரையும் வெளிப்புறம் நரம்பும் உள்ளன. தொகுதி வாரியாகப் படித்த மாணவர் இம்மூன்றையும் தனித்தனியே நன்கு அறிந்திருந்தும் இந்த வரிசையை அறியாமல் இருக்கக்கூடும்.

சடலத்தை அறுத்துக் கற்கும் வகுப்புக்கள் இயல்பாகவே பகுதி வாரியாக அமைகின்றன. கத்தி தோலிலிருந்து உள்நோக்கிச் செல்லும்போது எல்லாத் தொகுதிகளும் கலந்தே வெளிப்படும். இந்தியாவிலும் இலங்கையிலும் நெடுங்காலம் பயன்பட்டுவரும் கன்னிங்காமின் செய்முறை உடற்கூற்று நூலும், இந்திய மாணவர்களிடையே பரவலாக அறியப்பட்ட பி. டி. சௌராசியாவின் நூலும் பகுதி வாரியான அமைப்பையே பின்பற்றுகின்றன.

வரலாறு

உடலை அளந்தும் பகுத்தும் அறியும் முயற்சி பழமையானது. சுசுருத சம்கிதை, சடலத்தை நீரோட்டத்தில் ஊறவைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து நீக்கி உள்ளுறுப்புக்களைக் காணும் முறையை விவரிக்கின்றது. அந்நூலிலும் சரக சம்கிதையிலும் உடலுறுப்புக்களின் அளவு, அளக்கப்படுபவரின் சொந்த விரல் அகலத்திலேயே தரப்படுகின்றது. ஒருவரின் உயரம் அவரவர் கைச்சாணில் எட்டு என்னும் கருத்து, எண்சாண் உடம்பு என்ற வழக்காகத் தமிழில் நிலைத்துள்ளது. அளவுகோல் உடலுக்கு வெளியே இல்லாமல் உடலிலேயே இருப்பது இம்முறையின் சிறப்பாகும். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே விதி பொருந்தும்.

ஐரோப்பாவில் 1543 ஆம் ஆண்டில் வெளியான வெசாலியசின் நூலுக்குப் பின் உடற்கூற்றியல் விரைந்து வளர்ந்தது. எனினும் அனைத்து உடற்கூற்றாளரையும் ஒரு சிக்கல் தொடர்ந்தது. சடலத்தின் மார்பையோ வயிற்றையோ திறந்தவுடன் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கும், குடல் சரியும், உறுப்புக்கள் இயற்கையாக இருந்த இடத்தை விட்டு நகரும். பார்ப்பதற்காகத் திறப்பதே பார்க்க வேண்டியதைக் குலைத்துவிடுகின்றது.

இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர் உருசிய அறுவை மருத்துவர் நிக்கொலாய் பிரோகோவ் (1810–1881). சென் பீட்டர்சுபர்க்கின் மருத்துவ அறுவையியல் கழகத்தில் பேராசிரியராக இருந்த இவர், குளிர்காலத்தில் இறைச்சிச் சந்தையில் உறைந்த பன்றிகள் இரம்பத்தால் அறுக்கப்படுவதைக் கண்டு இம்முறையை எண்ணினார் எனக் கூறப்படுகின்றது. சடலத்தைக் கட்டை போல உறையவைத்து, நீள்வாக்கிலும் குறுக்கிலும் மெல்லிய துண்டுகளாக அறுத்தார். ஒவ்வொரு துண்டின் மீதும் கட்டமிட்ட கண்ணாடியை வைத்து, அதே அளவு கட்டமிட்ட தாளில் இயற்கை அளவிலேயே படம் வரையச் செய்தார். ஏறத்தாழ ஆயிரம் படங்களைக் கொண்ட இவருடைய பெருந்தொகுப்பு 1850களில் இலத்தீன் விளக்கவுரையுடன் வெளிவந்தது. சில சடலங்களில் இரைப்பையையும் சிறுநீர்ப்பையையும் நீர்மத்தால் நிரப்பிய பின்னர் உறையவைத்து, நிரம்பிய உறுப்பு அண்டை உறுப்புக்களை எவ்வாறு தள்ளுகின்றது என்பதையும் இவர் பதிவு செய்தார். ஓர் உறுப்பின் இடம் நிலையான புள்ளி அன்று என்பதை இப்படங்கள் காட்டின.

பிரோகோவின் வழிவந்த மரபினால் உருசியாவிலும் முன்னாள் சோவியத் நாடுகளிலும் இடவிளக்க உடற்கூற்றியல், செய்முறை அறுவையியலுடன் இணைந்து தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. அந்நாடுகளுக்கு மருத்துவம் பயிலச் செல்லும் தமிழ் மாணவர்கள், பொது உடற்கூற்றியலை முடித்த பின்னர் இதனை மீண்டும் ஒரு பாடமாகச் சந்திக்கின்றனர்.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994 ஆம் ஆண்டிலும் 1995 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட 'காணத்தகு மனிதர்' திட்டம் பிரோகோவ் முறையின் மறுபிறப்பு எனலாம். உறைந்த ஆண் சடலம் 1 மில்லிமீட்டர் இடைவெளியிலும் பெண் சடலம் 0.33 மில்லிமீட்டர் இடைவெளியிலும் சீவப்பட்டு ஒளிப்படமாக்கப்பட்டன. உயிருள்ளவரின் உடலைச் சீவாமலே குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி. படம் 1971 ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அதற்கு முன்னர் பெரும்பாலான மருத்துவர்களுக்குத் தேவைப்படாதிருந்த குறுக்குவெட்டு அறிவு அன்றிலிருந்து அன்றாடத் தேவையாகியது.

தமிழில்

தமிழில் மேலைநாட்டு உடற்கூற்றியல் கற்பித்தல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. 1847 ஆம் ஆண்டில் அங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் பயிற்சி அளித்து, பின்னர் அதனைத் தமிழிலேயே நடத்தினார். இவருடைய முயற்சியால் உடற்கூற்றியல், உடலியங்கியல், நலவியல் பற்றிய நூல் 1850களிலும், மனுஷ அங்காதிபாதம் 1872 ஆம் ஆண்டிலும் தமிழில் வெளிவந்தன. அங்காதிபாதம் என்பது அக்காலத்தில் உடற்கூற்றியலுக்கு வழங்கிய சொல்லாகும். இவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவம் பயின்றனர்.

மேற்பரப்பு அடையாளங்கள்

மேற்பரப்பு உடற்கூற்றியலில் விரலால் தொட்டறியக்கூடிய எலும்பு முனைகளே தொடக்கப் புள்ளிகள். விலா எலும்புகளை எண்ணுதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலாவது விலா எலும்பு காறை எலும்பின் கீழ் மறைந்திருப்பதால் அதிலிருந்து எண்ணத் தொடங்க இயலாது. கழுத்துக் குழியிலிருந்து மார்பெலும்பின் மீது விரலைக் கீழ்நோக்கி நகர்த்தினால் ஒரு குறுக்கு மேடு தட்டுப்படும். இது மார்பெலும்புக் கோணம். இதன் இரு பக்கத்திலும் இணைவது இரண்டாவது விலா எலும்பு. அங்கிருந்து எண்ணி ஐந்தாவது விலாவிடைவெளியை அடைந்தால், காறை எலும்பின் நடுவிலிருந்து கீழிறங்கும் கோட்டை ஒட்டி இதயத்தின் நுனித் துடிப்பை உணரலாம். மார்பில் ஊசி செலுத்துவோர், விலா எலும்பின் கீழ் விளிம்பில் குருதிக்குழாய்களும் நரம்பும் ஓடுவதால், எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே செலுத்த வேண்டும்.

எல்லா அடையாளங்களும் எலும்பு மேடுகள் அல்ல. சில கணக்கிட்டுப் பெறப்படுபவை. பிரித்தானிய உடற்கூற்றாளர் கிறித்தோபர் அடிசன் 1899 ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுக்காக 40 சடலங்களில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்தார். கழுத்துக் குழிக்கும் பூப்பெலும்புப் பொருத்தின் மேல் விளிம்புக்கும் சரிபாதியில் உடலைக் குறுக்காக வெட்டுவதாகக் கற்பனை செய்த தளம் இவ்வாறு பிறந்தது. இரைப்பையின் கடைவாய், பித்தப்பையின் அடி, கணையத்தின் கழுத்து, சிறுநீரகங்களின் வாயில், பின்புறத்தில் முதலாவது இடுப்பு முள்ளெலும்பு ஆகியவை ஏறத்தாழ இத்தளத்தில் அமைகின்றன. ஓர் அளவு நாடாவைக் கொண்டு இத்தனை உறுப்புக்களின் இருப்பிடத்தை ஊகிக்க முடிகின்றது. அடிசன் பின்னர் அரசியலில் ஈடுபட்டு, 1919 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் முதலாவது நலத்துறை அமைச்சரானார்.

குடல்வால் அழற்சியில் வலி மிகுந்திருக்கும் இடமாக நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லசு மக்பர்னி 1889 ஆம் ஆண்டில் குறிப்பிட்ட புள்ளியும் புகழ்பெற்றது. இடுப்பெலும்பின் வலப்புற முன்மேல் முள்ளிலிருந்து தொப்புளுக்குச் செல்லும் கோட்டின் முதல் மூன்றிலொரு பங்கில் இது அமைவதாக இன்று கற்பிக்கப்படுகின்றது. மக்பர்னி கூறியது வலிமிக்க இடத்தையே என்பதும், குடல்வாலின் அடி எல்லோரிடமும் அங்கேயே இருப்பதில்லை என்பதும் மாணவர்கள் எளிதில் மறந்துவிடும் செய்திகளாகும்.

ஊசி போடும் இடத்தைத் தேர்தல் அன்றாட வாழ்வில் இவ்வறிவின் பயனைக் காட்டும். புட்டத்தின் வழியே உடலின் மிகப் பருத்த நரம்பாகிய இடுப்புக்கீழ் நரம்பு செல்கின்றது. தவறான இடத்தில் போட்ட ஊசி இந்நரம்பைச் சிதைத்து, பாதத்தைத் தூக்க இயலாத நிலையை உண்டாக்கலாம். இதனாலேயே குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடையின் முன்வெளிப்புறத்தில் போடப்படுகின்றது. பெரியவர்களுக்கு இடுப்பின் பக்கவாட்டுப் பகுதி பரிந்துரைக்கப்படுகின்றது. தொடை எலும்பின் பெரிய முனையில் உள்ளங்கையை வைத்து, சுட்டுவிரலை முன்மேல் முள்ளின் மீதும் நடுவிரலை விரித்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பை நோக்கியும் நீட்டினால், இரு விரல்களுக்கு இடைப்பட்ட முக்கோணத்தில் பெரிய நரம்போ குருதிக்குழாயோ இல்லை.

உடலளவியல்

மேலைநாட்டில் உடலளவியல் என்ற பெயரைத் தாங்கிய முதல் நூலை யோகான் எல்சோல்ட்சு 1654 ஆம் ஆண்டில் பதுவாவில் வெளியிட்டார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு, 19 ஆம் நூற்றாண்டில் பெல்சிய அறிஞர் அடோல்ப் கெட்டெலே கண்டது. அதற்கு உடற் திணிவுச் சுட்டெண் என்ற பெயர் 1972 ஆம் ஆண்டிலேயே வந்தது.

இத்துறையின் வரலாற்றில் கறைபடிந்த பகுதியும் உண்டு. மண்டையோட்டையும் மூக்கையும் அளந்து மனிதரை இனங்களாகத் தரம் பிரிக்கும் முயற்சிக்கு இவ்வளவுகள் பயன்படுத்தப்பட்டன. குடியேற்றவாத இந்தியாவில் எர்பெர்ட் ரிசிலி மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்த முனைந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எட்கர் தர்சுடன் அளவுகருவிகளுடன் தென்னிந்தியா முழுவதும் சுற்றி மக்களை அளந்தார். அருங்காட்சியகத்துக்கு வந்தோரும் இதற்குத் தப்பவில்லை. இவரது தொகுப்பு 1909 ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மூக்களவு சாதியைக் காட்டும் என்ற கோட்பாடு பின்னர் கைவிடப்பட்டது. குற்றவாளிகளை உடலளவுகளால் அடையாளங் காணும் பெர்ட்டியோன் முறையும், 1897 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னர் படிப்படியாக மறைந்தது. நன்மையாக எஞ்சியதும் ஒன்றுண்டு. கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் அளவுகளை ஆராயத் தொடங்கிய பி. சி. மகலனோபிசு 1936 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மகலனோபிசு தொலைவு' இன்று புள்ளியியலில் எங்கும் பயன்படுகின்றது.

இன்றைய மருத்துவத்தில் உடலளவியலின் முதன்மைப் பயன் குழந்தை வளர்ச்சியை மதிப்பிடுவதாகும். உலக சுகாதார அமைப்பு 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவுத்தரங்கள் இந்தியா, பிரேசில், கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளிடம் எடுத்த அளவுகளைக் கொண்டவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளமாகவும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்கவைத்து உயரமாகவும் அளக்க வேண்டும். படுத்த நிலை அளவு சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும்.

ஊட்டக்குறையைக் கண்டறியும் மேற்கைச் சுற்றளவில் சில மில்லிமீட்டர்களும் பெரிதாகின்றன. 6 முதல் 59 மாத வயதுக் குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறை. நாடாவை எங்கே சுற்றுவது என்பதற்குக் கண்ணளவு போதாது. முழங்கையை மடக்கி, தோளெலும்பின் நுனிக்கும் முழங்கை எலும்பின் நுனிக்கும் இடையே அளந்து நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். பின்னர் கையைத் தொங்கவிட்டு, தசையை அழுத்தாமல் சுற்ற வேண்டும். நடுப்புள்ளி பிசகினாலோ நாடா தளர்ந்தாலோ, சிகிச்சைக்குச் சேர்க்கப்பட வேண்டிய குழந்தை வீட்டுக்கு அனுப்பப்படும்.

பெரியவர்களிடமும் இவ்வாறே. இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளப்பது ஒரு முறை. விளிம்பை ஒட்டி அளப்பது மற்றொரு முறை. இரண்டும் ஒரே ஆளிடம் வெவ்வேறு எண்ணைத் தரலாம். ஆசிய மக்களுக்கு உடற் திணிவுச் சுட்டெண் 23 முதலே இடர் கூடுவதாகக் கருதலாம் என உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004 ஆம் ஆண்டில் தெரிவித்தது. 58.5 கிலோ எடையுள்ள ஒருவரின் உயரத்தை 160 செ.மீ. எனக் கொண்டால் சுட்டெண் 22.9, காலைச் சற்று மடக்கி நின்றதால் 158 செ.மீ. எனக் குறிக்கப்பட்டால் 23.4. நிற்கும் நிலை சரியில்லாததாலேயே ஒருவர் எல்லைக்கோட்டைக் கடந்துவிடுகின்றார்.

தீக்காயத்தின் பரப்பை மதிப்பிடும்போது உடலே அளவுகோலாக மீண்டும் வருகின்றது. நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவரது உடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. மருத்துவர் தம் கையைக் கொண்டு குழந்தையின் காயத்தை அளந்தால், உண்மையை விடக் குறைவான அளவே கிடைக்கும்.

மருத்துவக் கல்வியில்

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், வயிற்றின் பகுதிகள், தளங்கள், மக்பர்னி புள்ளி முதலியவற்றைத் தோலின் மீது குறித்துக் காட்டுவதை மாணவர் பெற வேண்டிய திறன்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. சடலம் இதற்கு ஓரளவே உதவும். பதப்படுத்திய தசை விறைத்திருக்கும். துடிப்பும் மூச்சும் இல்லை. ஆகவே மாணவர்கள் ஒருவர் உடலில் மற்றவர் தொட்டறிந்து பழகுகின்றனர். சில கல்லூரிகளில் உறுப்புக்களைத் தோலின் மீது வண்ணத்தால் வரையும் முறையும் உண்டு. இதில் கூச்சம் இயல்பு. எவரையும் கட்டாயப்படுத்தாமல், ஒப்புதல் பெற்று நடத்தப்பட வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. தொடுவதற்கு ஒப்புதல் கேட்கும் பழக்கத்தை மாணவர் நோயாளியைச் சந்திக்கும் முன்னரே இவ்வகுப்பில் கற்றுக்கொள்கின்றார்.

அளத்தலிலும் பயிற்சி தேவை. ஒரே மாணவர் ஒரே ஆளை இருமுறை அளந்தும், இரு மாணவர்கள் ஒரே ஆளைத் தனித்தனியே அளந்தும் வேறுபாட்டைக் கணக்கிடுவது வழக்கம். முதல் நாளில் இவ்வேறுபாடு மாணவர்களை வியப்பில் ஆழ்த்தும்.

பாடநூலும் உயிருள்ள உடலும்

பாடநூல்களில் உள்ள மேற்பரப்பு அடையாளங்கள் பலவும் படுக்கவைத்த சடலங்களில் கண்டறியப்பட்டவை. உயிருள்ளவரின் உறுப்புக்கள் மூச்சுடனும் நிற்கும் நிலையுடனும் இடம் மாறுகின்றன. உடற்பருமன், வயது, பால் ஆகியனவும் வேறுபாட்டை உண்டாக்கும். அரிதாக, ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு, உறுப்புக்கள் அனைத்தும் இடவலம் மாறி அமைந்திருப்பதும் உண்டு. 2010களில் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சி.டி. படங்களைக் கொண்டு பழைய அடையாளங்களைச் சரிபார்த்தனர். மார்பெலும்புக் கோணத் தளத்திலேயே மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகின்றது என நூல்கள் கூறிவந்தன. படங்களில் அவ்விடம் பலரிடம் சற்றுக் கீழே காணப்பட்டது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. முதுகில் ஊசி செலுத்தி உணர்விழக்கச் செய்வோர், இடுப்பெலும்புகளின் மேல் விளிம்புகளை இணைக்கும் கோடு நான்காவது இடுப்பு முள்ளெலும்பைக் கடக்கின்றது என்னும் விதியை நம்பி இடத்தைத் தேர்கின்றனர். பெரியவர்களில் தண்டுவடம் பொதுவாக முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிவதால், அதற்குக் கீழே செலுத்தும் ஊசி தண்டுவடத்தைத் தொடாது. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், 100 பேரின் முதுகில் மயக்கவியல் மருத்துவர்கள் விரலால் தடவிக் கண்ட இடம் எம்.ஆர்.ஐ. படத்துடன் ஒப்பிடப்பட்டது. 29 விழுக்காட்டினரிலேயே இடம் சரியாக இருந்தது. 51 விழுக்காட்டினரில் கருதியதை விட ஓர் இடைவெளி மேலே இருந்தது. சிலரில் பிழை நான்கு இடைவெளிகள் வரை சென்றது. இதனால் மூன்றாவது முள்ளெலும்புக்குக் கீழேயே ஊசி செலுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை வலுப்பெற்றது.

மற்றொரு மாற்றம் நேரடியாக உடலளவியலால் நேர்ந்தது. நுரையீரலைச் சுற்றி அழுத்தத்துடன் காற்றுச் சேர்ந்து உயிருக்கு ஆபத்து நேரும்போது, அக்காற்றை வெளியேற்ற இரண்டாவது விலாவிடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டில் ஊசி செலுத்துமாறு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அவ்விடத்தில் பலரின் மார்புச் சுவர் ஊசியின் நீளத்தை விடத் தடித்திருப்பதைப் படங்களில் அளந்து கண்டனர். ஊசி முழுவதும் உள்ளே சென்றும் காற்று இருக்கும் இடத்தை எட்டாது. எனவே விபத்துக் காய மருத்துவப் பயிற்சிக்கான அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பு, பெரியவர்களுக்கு நான்காவது அல்லது ஐந்தாவது விலாவிடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னே செலுத்துமாறு இடத்தை மாற்றியது. குழந்தைகளுக்குப் பழைய இடமே தொடர்கின்றது.

கழுத்துச் சிரையில் குழாய் செலுத்த மீயொலிக் கருவியின் துணையைப் பயன்படுத்துமாறு பிரித்தானியாவின் நைசு நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அக்கருவி காட்டும் கறுப்பு வெள்ளை வட்டங்களில் எது சிரை, எது தமனி என அறிவதற்கும், அக்கருவி இல்லாத சிற்றூர் மருத்துவமனையில் இரவு வேளையில் விரலால் தொட்டுத் தீர்மானிப்பதற்கும் இவ்வுடற்கூற்றறிவே வேண்டியுள்ளது.